ராமநாதபுரத்தில் ஏறுகிறவர்கள்

பாம்பன் ரயில் பாலத்தை மூடியபோது பிரெசில்லாவுக்கு நாற்பத்தைந்து வயது. அதுவரை ராமநாதபுரம் ஸ்டேஷன் என்பது அவளுக்குப் பாதித் தூக்கத்தில் கேட்கும் ஒரு சத்தம்தான். ராமேஸ்வரத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் மதுரை பாசஞ்சரில் ஏறுவாள். பெட்டி காலியாகக் கிடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, கடல் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். பிறகு ஓரிடத்தில் பெட்டி முழுக்கத் திடீரென்று ஆட்கள் ஏறுவார்கள். பைகள் முட்டியில் இடிக்கும். டிபன் பாக்ஸ் திறந்த வாசனை வரும். கண்ணைத் திறக்காமலே கால்களை உள்ளே இழுத்துக்கொள்வாள். பரமக்குடியில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அவள் எக்ஸ்ரே எடுப்பவள்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்பும் வரை தீவுக்கு ரயில் கிடையாது. பெரும்பாலான வண்டிகள் ராமநாதபுரத்தோடு நின்று திரும்பின. வழியில் இருந்த ஸ்டேஷன் கடைசி ஸ்டேஷன் ஆகிவிட்டது. காசியிலிருந்தும் அயோத்தியிலிருந்தும் வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பிளாட்பாரத்தில் இறங்கி, "ராமேஸ்வரம்? ராமேஸ்வரம்?" என்று கிழக்கே கையைக் காட்டிக் கேட்டார்கள். வேன்காரர்கள் இந்தியில் கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, எதையும் திரும்பிப் பார்க்காமல், தினசரிக்காரர்கள் ஓடினார்கள். பரமக்குடிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற டீச்சர்கள், மதுரையில் படிக்கிற பிள்ளைகள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், ஜவுளிக் கடைப் பெண்கள். எல்லார் கையிலும் சீசன் டிக்கெட்.

பிரெசில்லா இப்போது ராமேஸ்வரத்தில் முதல் பஸ் பிடித்து ராமநாதபுரம் வந்து, அங்கே ரயில் ஏற வேண்டியிருந்தது. பஸ்ஸிலேயே பரமக்குடி வரை போகலாமே என்று பலர் கேட்டார்கள். காலையில் போகலாம். சாயங்காலம் திரும்பும்போது மதுரை பஸ்கள் நிறைந்து வரும். பரமக்குடியில் ஏறினால் ராமேஸ்வரம் வரை நின்றே வர வேண்டும். நாள் முழுக்கக் கதிர்த் தடுப்பு ஈய ஏப்ரனைச் சுமக்கிற அவள் இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. ராமநாதபுரம் வரை ரயிலில் வந்தால், அங்கே காலியாகக் கிளம்பும் ராமேஸ்வரம் பஸ்ஸில் உட்காரலாம்.

முதல் நாளே சண்டை. ரயில் நின்றிருந்தது, சீட்டுகளில் ஆள் இல்லை, கைக்குட்டைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும்தான் இருந்தன. ஒரு கைக்குட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் வந்து எதிரே நின்றாள்.

"இந்தாம்மா, இது ஆளு இருக்க சீட்டு."

"ஆளக் காணோமே. கர்ச்சீப்புதான கெடந்துச்சு."

"கர்ச்சீப்பு கெடந்தா ஆளு இருக்காகன்னுதான் அர்த்தம். ரயிலுக்குப் புதுசோ?"

"புதுசு இல்ல. இருபது வருஷமா இதே ரயில்ல போறேன். நீங்கதான் நடுவுல ஏறுறவுக."

டீச்சர் ஒரு கணம் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்பக் கொஞ்சம் நகந்து உக்காருங்க, நடுவுல ஏறுனவளும் உக்காந்துக்கிறேன்" என்றாள். அவள் பெயர் நாகலெட்சுமி. அன்று முதல் அந்த மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

பிரெசில்லாவுக்கு ரயிலில் தோழி கிடைத்தது அதுவே முதல் தடவை. அத்தனை வருஷம் தூங்கிக்கொண்டே போனவளுக்கு யாரையும் தெரியாது. தூங்கியதற்கும் காரணம் இருந்தது. அவள் அப்பா சவேரியார் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவளுக்கு இருபத்தொரு வயது, தம்பி டென்னிஸ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். எக்ஸ்ரே படிப்பைப் பாதியில் விடாமல் முடித்து வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையில்தான் தம்பிக்குப் படகு, அம்மாவுக்கு வைத்தியம், தம்பிக்குக் கல்யாணம் எல்லாம். அவளுக்கும் மாப்பிள்ளை வந்தார்கள். ஒருவனுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. ஒருவன் வேலையை விடச் சொன்னான். ஒரு நல்ல சம்பந்தம் வந்த வருஷம் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். இவளுக்குக் கல்யாணம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, முடிவும் எடுக்கவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருநாள் பார்த்தால் அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோயிருந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தம்பி பெண்டாட்டி அனிட்டா நல்லவள். மதினிக்கு முதல் சோறு போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வைப்பாள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே பிரெசில்லா எதையும் யோசிக்காமல் இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை ரயில் கிளம்பத் தாமதமானது. அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது, வண்டி வரவில்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் நாகலெட்சுமிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உள்ளே இருந்த உப்புமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, விரல் நகங்களில் போகாத கறுப்பு. மானாமதுரையில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஃபிட்டர் வேலை சொல்லிக்கொடுப்பவர். யோகேஸ்வரன் என்று பெயர்.

"என்ன சார், பிடிக்கலையா?" என்றாள் நாகலெட்சுமி.

"நானே வச்சது டீச்சர். பிடிக்கலைன்னு யார்கிட்டச் சொல்ல?" என்றவர், பிரெசில்லாவின் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க ராமேஸ்வரத்துக்காரவுகதான? மீன் கொழம்புக்குப் புளிய முதல்ல ஊத்தணுமா, மீனப் போட்டப்புறமா?"

"தெரியாது சார்."

"ராமேஸ்வரத்துல பொறந்துட்டு மீன் கொழம்பு தெரியாதா!" நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திங்கத் தெரியும். வைக்கத் தெரியாது. முதல்ல அம்மா வச்சாங்க, இப்ப தம்பி பொண்டாட்டி வைக்கிறா. நான் வீட்ல இருந்தாத்தான அடுப்புப் பக்கம் போறதுக்கு?" பிரெசில்லாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்புறம் சார், நான் சிஸ்டர் இல்ல. நர்ஸும் இல்ல, கன்னியாஸ்திரியும் இல்ல. எக்ஸ்ரே எடுக்கிறவ."

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் அனிட்டாவிடம் குழம்பு பற்றிக் கேட்டாள். அனிட்டா ஆச்சரியப்பட்டுப் போனாள். "புளியத் தண்ணியாக் கரைச்சு நல்லாக் கொதிக்கவிட்டு, பச்ச வாடை போனப்புறம் மீனப் போடணும் மதினி. போட்டப்புறம் கரண்டி வைக்கக் கூடாது, சட்டியத்தான் ஆட்டணும்." அதை அப்படியே போய்ச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து யோகேஸ்வரன் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து இரண்டு பெண்கள் முன்னும் நீட்டினார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, உப்புதான் இல்லை. "உப்ப நீங்க சொல்லலையே" என்றார். பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அவர் ஊர் தேவிபட்டினம் போகிற வழியில். மிளகாயும் மானாவாரி நெல்லும் விளைகிற கொஞ்சம் நிலம். மனைவி முருகேஸ்வரி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் பானுப்பிரியா சென்னையில் வேலை பார்த்தாள். இதெல்லாம் துண்டு துண்டாக, ராமநாதபுரத்துக்கும் பரமக்குடிக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன நேரத்தில் தெரியவந்தது. ஒருநாள் நாகலெட்சுமி லீவு. அன்று அவர் கேட்டார்:

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? படம் எடுக்கிறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருமா, இவுக பொழைக்க மாட்டாகன்னு?"

பிரெசில்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சீமைக்கருவேலம் ஓடிக்கொண்டிருந்தது. "சிலது தெரியும். நாங்க சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்."

"அப்ப மூஞ்சிய எப்படி வச்சுக்குவீங்க?"

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரே சொன்னார்: "முருகேஸ்வரிக்கு மதுரையில எடுத்தப்ப, படம் எடுத்த பொண்ணு வெளிய வந்து என்னையப் பாத்து, சாப்டீங்களா சார்னு கேட்டுச்சு. முன்னப் பின்னத் தெரியாத பொண்ணு. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. ஆனா அந்தப் பொண்ணு மேல எனக்கு வருத்தமே இல்ல. அன்னைக்கு என்னையச் சாப்டீங்களான்னு கேட்ட ஒரே ஆளு அதுதான்."

பரமக்குடி வந்துவிட்டது. இறங்கி நடக்கும்போது பிரெசில்லாவுக்குத் தானும் பலரிடம் அதையே கேட்டிருப்பது நினைவுக்கு வந்தது. சாப்டீங்களா, எந்த ஊரு, பஸ் இருக்கா. வேறு என்ன கேட்பது? தன் வேலையில் இருந்த ஒரு பாரத்தை இவ்வளவு வருஷம் பேரில்லாமல் சுமந்திருக்கிறோம் என்று பட்டது. அன்று ஆஸ்பத்திரியில் படம் எடுக்க வந்த ஒரு கிழவரை அவளே கையைப் பிடித்து மேசையில் ஏற்றிவிட்டாள். வழக்கமாக ஆயா செய்கிற வேலை அது.

அதன்பிறகு சாயங்காலங்களில் அவர்கள் சேர்ந்தே ரயிலை விட்டு இறங்கினார்கள். மோட்டார்பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும் முன் அவர் பஸ் நிலையம் வரை வந்து, அவளுக்கு இடம் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுப் போவார். வேறொன்றுமில்லை. அந்த ஒன்று தினமும் நடந்தது.

புதுப் பாலம் முடிகிற தறுவாயில், 2024 நவம்பரில், தீவில் பேய்மழை பெய்தது. காலையில் வேலைக்குப் போன பிரெசில்லா சாயங்காலம் ராமநாதபுரம் வந்து இறங்கியபோது, தங்கச்சிமடம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்பதாகவும் பஸ் போகுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஸ்டேஷன் வாசலில் யாத்ரீகர்கள் நனைந்த மூட்டைகளோடு நின்றார்கள். டென்னிஸுக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. யோகேஸ்வரன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்து, "டீச்சர் வீடு பக்கத்துலதான், வாங்க" என்றார். பைக்கின் பின்னால் உட்கார்ந்து நாகலெட்சுமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளை வாசலில் விட்டுவிட்டு அவர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

இதை மழைக்கு ஒதுங்கி நின்ற வேர்க்கோட்டு மீன்வண்டி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டார். பிரெசில்லா குடியிருந்த தெருவும் ராமேஸ்வரம் வேர்க்கோட்டில்தான். மறுநாள் அவள் வீடு திரும்பும் முன்பே செய்தி திரும்பியிருந்தது.

டென்னிஸ் வாசலிலேயே நின்றான். "யாருக்கா அது?"

"எது?"

"வண்டியில ஏறிப் போனியாமே."

"கூட ரயில்ல வர்றவரு. மழைக்கு டீச்சர் வீட்ல கொண்டுபோய் விட்டாரு. ஏலே, உன் போன்தான் எடுக்கலையே."

"வேற ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

சொன்ன கையோடு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னபோது எதையோ கையிலிருந்து கீழே போட்டுவிட்டதுபோல் இருந்தது. அன்று படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. இல்லாத ஒன்றைச் சொல்ல இவ்வளவு வலிக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் கடைசிப் பெட்டியில் ஏற ஆரம்பித்தாள். அங்கே கல்லூரிப் பிள்ளைகள்; ஒரே கூச்சல். யோகேஸ்வரன் தேடி வரவில்லை. ஒருமுறை பிளாட்பாரத்தில் தூரத்தில் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். அவர் வராதது நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கிறிஸ்மஸ் முடிந்தது. பொங்கலும் முடிந்தது. கடைசியில் நாகலெட்சுமிதான் ஒருநாள் கடைசிப் பெட்டிக்கே வந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சின்னப் புள்ளைக மாதிரி ஒளிஞ்சு விளையாடுறீக. அந்த மனுசன் திரும்ப உப்புமாவோட வந்து உக்காந்திருக்காரு. பாக்கச் சகிக்கல. பேச வேணாம்னா பேச வேணாம்னு நேரா சொல்லிரு. இல்லைன்னா எந்திரிச்சு வா."

பிரெசில்லா எழுந்து போனாள். யோகேஸ்வரன் அவளைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடினார். பெட்டியில் கூட்டம். அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"என்னால உங்க வீட்ல பேச்சு வந்துச்சுன்னு டீச்சர் சொன்னாக. அதான் வரல. இப்ப கேட்டுர்றேன். நீங்க சரின்னா நாம கல்யாணம் பண்ணிக்குவோம். இல்லைன்னா முன்ன மாதிரி பேசிக்கிட்டு இருப்போம். அதுவும் வேணாம்னா அதையும் சொல்லிருங்க பிரெசில்லா."

அவர் அவள் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. "யோசிக்கணும்" என்றாள்.

"யோசிங்க. அவசரமில்ல."

ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. தூக்குப் பாலத்தின் இரண்டு கோபுரங்களையும் பார்க்க ஊரே கரைக்கு வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து மறுபடி ரயில் கிளம்பியது. பிரெசில்லா பழையபடி காலிப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாலத்தில் வண்டி மெதுவாக உருண்டபோது சிலுவை போட்டாள். கண்ணை மூடவில்லை. ராமநாதபுரம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தாள். மண்டபம், உச்சிப்புளி என்று ஒவ்வொரு ஊராகத் தள்ளிக்கொண்டு வந்தாள். ராமநாதபுரத்தில் வண்டி நின்று, கூட்டத்தோடு கூட்டமாக அவர் ஏறியதும், எழுந்து போய்ச் சொன்னாள்:

"யோசிச்சாச்சு. சரி. ஆனா எங்க வேதக்கோயில்ல சாமியார் பூசை வச்சுத்தான் நடக்கணும். எனக்கு அது வேணும்."

"எனக்கு என்ன மேடம்? நான் வந்து நிக்கிறேன்."

"மேடமா?"

அவர் காது சிவந்தது. நாகலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பானுப்பிரியாவுக்குத்தான் முதலில் சொன்னார்கள். அவள் நேரில் வருகிறேன் என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை காலை சென்னை ரயிலில் ராமநாதபுரம் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல், பாசஞ்சர் வரும் வரை பிளாட்பாரத்திலேயே காத்திருந்தாள். பிரெசில்லாவை அங்கே இறங்கச் சொல்லும்படி அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அப்பாவையும் அந்த ரயிலிலேயே மானாமதுரைக்கு அனுப்பிவிட்டாள். அவரும் மறுபேச்சில்லாமல் ஏறிப் போய்விட்டார்.

ஒல்லியான பெண். ராத்திரி பயணத்தில் கலைந்த தலை. பெஞ்சில் உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

"எங்கம்மா போட்டோவ எடுத்துருவீங்களா?"

"எடுக்க மாட்டேன்."

"அதுக்குப் பூ வைப்பீங்களா?"

வைப்பேன் என்று சொல்வது சுலபம். "தெரியலம்மா. வைப்பேன்னு இப்பச் சொல்லிட்டு, அப்புறம் உனக்குக் காட்டுறதுக்காக வச்சா அது உங்கம்மாவுக்கு மரியாதை இல்ல. அப்பா வைப்பாரு. நான் தடுக்க மாட்டேன். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

பானுப்பிரியா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பிரெசில்லா நினைத்தாள். அவள் அழவில்லை.

"நீங்க எங்கம்மாவா ஆகப் பாப்பீங்களோன்னுதான் பயந்தேன்" என்றாள். "அப்பா பிரஷர் மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறாரா?"

"என் கண்ணு முன்னாடி சாப்பிட்டுப் பாத்ததில்ல. இனிமே கேக்குறேன்."

"கேட்டா சாப்டேன்னுதான் சொல்வாரு. டப்பாவத் தொறந்து பாக்கணும்."

இரண்டு பேரும் எழுந்து ஸ்டேஷன் வாசலுக்கு வந்து டீ குடித்தார்கள். பிரெசில்லா அடுத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், தாமதத்துக்குத் திட்டு வாங்கினாள்.

டென்னிஸ்தான் பெரிய மலையாக நின்றான். அது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் ஏறிக் கிடந்தது, அவன் நாள் முழுக்க வீட்டில் இருந்தான். முதலில் வயதைச் சொன்னான். பிறகு, "நம்ம வேதத்துல இல்லாத ஆளு" என்றான். பங்குச்சாமியாரிடம் போனான்; ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலிலேயே நடத்தலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. பிரெசில்லா தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லு டென்னிஸு. என்ன உனக்கு?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "ஊரு என்னையத்தான்க்கா கேக்கும். அக்கா சம்பாத்தியத்துல படகு வாங்குனான், கல்யாணம் கட்டுனான், புள்ள பெத்தான். அவளுக்கு ஒருத்தன் தேடல. கடைசியில அவளே ரயில்ல போயி தேடிக்கிட்டான்னு. நான் தேடலதான். ஒருநாள்கூட தேடல."

பிரெசில்லாவுக்கு அந்த நேரம் வரை தம்பி மீது ஒரு வருத்தம் இருப்பதே தெரியாது. அவன் சொன்னதும்தான் அது அத்தனை வருஷமாக உள்ளே இருந்தது தெரிந்தது. அவன் தலையைத் தடவ நினைத்தாள். கை எழவில்லை.

"ஆமாலே. தேடலதான்" என்றாள். "நானும் கேக்கல. சாப்பிடு."

அவள் எழுந்து வந்த பிறகு அனிட்டா போய்ப் பார்த்தாள். தட்டு அப்படியே இருந்தது.

தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிய பிறகு, ஜூலையில் கல்யாணம் நடந்தது. சின்னப் பூசை. பிரெசில்லா சாம்பல் கரை போட்ட வெள்ளைப் பட்டு கட்டியிருந்தாள். யோகேஸ்வரன் எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பானுப்பிரியா வந்திருந்தாள். ரயிலில் இருந்து நாகலெட்சுமியோடு ஒரு பெட்டி ஆட்கள் வந்திருந்தார்கள். அனிட்டா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். டென்னிஸ் முந்தைய நாளே கடலுக்குப் போய்விட்டான். கரைக்கு வந்ததும் வலையைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டான் என்று அனிட்டா போனில் சொன்னாள்.

இப்போது அவர்கள் ராமநாதபுரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். கூடத்தில் ஒரு சுவரில் முருகேஸ்வரியின் படம், எதிர்ச் சுவரில் மாதா படம். பூ வைப்பது யோகேஸ்வரன்தான். ஒருமுறை அவர் ஊரில் நெல் அறுவடைக்குப் போய்த் தங்கியபோது, மாலை வாடிக் கருகியிருந்ததைப் பார்த்து பிரெசில்லா அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். அதை அவரிடமோ பானுப்பிரியாவிடமோ சொல்லவில்லை.

சமையல் பெரும்பாலும் அவர்தான். அவள் பாத்திரம் கழுவுவாள். காலையில் வீட்டைப் பூட்டுவது யார் என்பதில் தினமும் ஒரு சின்ன வாக்குவாதம். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் வேர்க்கோட்டுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு அனிட்டா வீட்டில் சாப்பிட்டு வருவாள். டென்னிஸ் இருந்தால் வந்து உட்காருவான். கடலில் பாடு எப்படி, என்ன மீன் விழுகிறது என்று பேசுவான். யோகேஸ்வரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவளும் சொல்ல மாட்டாள். போன முறை அவள் கிளம்பும்போது மட்டும், "பஸ்ஸுல போறியா ரயில்லயா?" என்று கேட்டான். ரயில் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தான். வண்டி கிளம்பும் வரை நிற்கவில்லை. ஆனால் வந்தான்.

காலை ரயிலில் அவர்கள் ஒன்றாக உட்காருவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு நாள் அப்படித்தான் போனார்கள். மூன்றாம் நாள் நாகலெட்சுமி தன் மருமகள் விவகாரம் எதையோ சொல்ல வேண்டுமென்று கூப்பிட்டாள். பிரெசில்லா எழுந்து பெண்கள் பக்கம் போய்விட்டாள். யோகேஸ்வரனும் கோர்ட்டு குமாஸ்தாக்களோடு அரசியல் பேசப் போய்விட்டார். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. பரமக்குடி வரும்போது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடப்பாள். அவர் பேச்சை நிறுத்தாமலே, கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார். அவள் இறங்கி, கூட்டத்தோடு வெளியே போவாள். ஆஸ்பத்திரியில் அந்நேரமே யாராவது ஒருவர் எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்திருப்பார்.